அமிர்தநாதன் மாஸ்டரின் நாற்காலி

நான் ராணி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

டயகமவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லூர்து மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஒரு நாடகம் போடுவோம். மகேந்திர ராஜா நாடகம். அதில் ராஜாவின் மனைவியாக வேஷம் கட்டியவன் நான். பெயர் சின்னராசா. வேலை ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற ரோலரில். நான் மாரியம்மன் கோயில் ஆள்தான். ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் யாரும் கோயில் பார்ப்பதில்லை, முகம்தான் பார்ப்பார்கள். என் முகம் பெண் வேஷத்துக்கு வாய்த்த முகம் என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். திருவிழா வருகிற பெப்ரவரி பிறந்தால் மீசையை எடுத்துவிட வேண்டும். "இந்த மூஞ்சியோட எம் பக்கத்துல வந்து ஒக்காராதீங்க" என்று என் பெண்சாதி வீரம்மா மீசை முளைக்கிற வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே சோறு போடுவாள்.

ஆனால் இது என் கதை இல்லை. அமிர்தநாதன் மாஸ்டரின் கதை.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் மலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுகிறவர். கூத்துப் பழக்குகிறவரை நாங்கள் மாஸ்டர் என்போம். அவரைப் போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் கிடந்த ஆளுக்குத் தன் கம்பளியைக் கழற்றிப் போர்த்திவிட்டு மழையில் நனைந்துகொண்டு போவார். அவரைப் போல ஒரு பொறாமைக்காரரையும் பார்த்ததில்லை. அடுத்த லயத்து வரிசை வீட்டு மாடு கொஞ்சம் கூடுதலாகப் பால் கறந்துவிட்டால் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கொடுக்கிற குணமும் வயிறெரிகிற குணமும் ஒரே உடம்பில் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இருந்தன, அவ்வளவுதான்.

கூத்தாகவே ஆடிய காலத்தில் அவர் பொறாமைப்படத் தேவையே இருக்கவில்லை. கூத்தில் மாஸ்டருக்கென்று ஓர் இடம் உண்டு. ஆடுகிறவனுக்குப் பின்னால், தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிய நிற்பார். முதல் அடியை அவர் எடுத்துக் கொடுத்தால்தான் ஆடுகிறவன் வாயைத் திறப்பான். அடி மறந்தால் இடுப்பில் ஒரு குத்துக் குத்தி அங்கேயே சொல்லிக் கொடுப்பார். அதை யாரும் குறையாக எண்ணியதில்லை. ராஜாவும் கூத்தாடுவார், மாஸ்டரும் பக்கத்தில் நிற்பார், சனம் இரண்டு பேரையும் பார்க்கும்.

பிறகு திரை வந்தது. தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் இனி ஓட்டு இல்லை என்று சட்டம் போட்டார்களே, அதற்கு அடுத்த வருஷம். தலவாக்கலையில் டவுன் ஆட்கள் போட்ட நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்த இளவட்டங்கள், "கூத்தெல்லாம் பழசு மாஸ்டர், நாமளும் திரை கட்டி டிராமா போடுவோம்" என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். மாஸ்டருக்கும் ஆசைதான். திரை என்றால் கௌரவம். தேயிலைப் பெட்டிப் பலகையை அடுக்கி மேடை போட்டோம். சாக்குகளைத் தைத்து, நீலம் கரைத்துப் பூசி, மூங்கிலில் சுற்றித் திரையாக்கினோம். கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும், விட்டால் தடாலென்று இறங்கும்.

எல்லாம் யோசித்த நாங்கள், மாஸ்டர் எங்கே நிற்பது என்று யோசிக்கவில்லை.

அவரும் யோசிக்கவில்லை. திரை மேலே போனது. அரண்மனையில் ராஜா இருக்கிறார், ராணி நான் இருக்கிறேன், மந்திரி இருக்கிறார். ராஜாவுக்குப் பக்கத்தில் வேட்டியும் கறுப்புக் கம்பளிக் கோட்டும் தலைத்துண்டுமாக அமிர்தநாதன் மாஸ்டர் தாளத்தோடு நிற்கிறார். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த டீமேக்கர் வீட்டுச் சின்னப் பெண், "அம்மா, ராஜா வீட்டுல கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?" என்று உரக்கக் கேட்டது. கோயில் வளவே சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டான். மாஸ்டர் தாளத்தை மடியில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். "ஓட்டும் போச்சு, எடமும் போச்சு" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அந்த நெருக்கடியில்தான் லியனார்ட் அண்ணன் உள்ளே வந்தார். மாஸ்டரின் தங்கை இசபெல்லைக் கட்டியவர். ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. வாட்டுகிறவனுக்குப் பொறுமை வேண்டும், கொழுந்து எப்போது பதமாகும் என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் குணமும் அப்படித்தான். வாயைத் திறந்து அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று கேலி செய்வோம். அவர் அப்பா தோட்டத்தில் வாட்சராக இருந்தவர். அவர் விட்டுப்போன பித்தளை விசில் ஒன்று அண்ணனிடம் இருந்தது. ஒரு ஊதல் ஊதினால் திரை மேலே, இரண்டு ஊதினால் கீழே என்று அவர்தான் முறை வைத்தார். யார் எப்போது மேடைக்குப் போவது, வாள் எங்கே, கிரீடம் எங்கே, எல்லாம் அவர் பொறுப்பு. மாஸ்டர் முன்னால், சனத்தோடு, நாற்காலியில் உட்கார வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

"பழக்குறது நீங்க, மச்சான். அன்னைக்கு நடத்துறது நான். ஒரு வண்டிக்கு ரெண்டு பேரு கயிறு பிடிச்சா மாடு எந்தப் பக்கம் போகும்?"

அதை ஒரு சடங்காகவே செய்தோம். பதினொரு மாதமும் ராஜ்ஜியம் மாஸ்டருடையது. வேலை விட்டு வந்து, பகலில் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் பழகுவோம். லியனார்ட் அண்ணன் மூலையில் வாயே திறக்காமல் குந்தியிருப்பார். திருவிழா அன்று மாலை, மாதா சுரூபத்துக்கு முன்னால் செபம் முடிந்ததும், தட்டில் வெற்றிலை மேல் இருக்கிற விசிலை மாஸ்டர் எடுத்து, அண்ணன் கழுத்தில் மாட்டி, "இனி ஒன் பொறுப்பு, மாப்ள" என்பார். அதற்குப் பிறகு மாஸ்டர் திரைக்குப் பின்னால் கால் வைக்கக் கூடாது. அவர் பெற்ற பிள்ளையை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கிற மாதிரி, ஒவ்வொரு வருஷமும் அந்த நிமிஷத்தில் அவர் முகம் சுண்டிப்போகும். விசிலை மாட்டுகிற கை கொஞ்சம் இறுக்கமாகவே மாட்டும்.

நாற்காலி விஷயத்தில் லியனார்ட் அண்ணன் ஒரே பிடிவாதம். வலது பக்கம், முன்வரிசை, தரையில் சுண்ணாம்பால் நான்கு புள்ளி வைத்து அதில்தான் நாற்காலி. அதற்கு மேலே ஒரு கம்பு நட்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு. மாஸ்டர் நாற்காலியைச் சற்று நகர்த்தினால்கூட யாரையாவது அனுப்பித் திரும்ப வைக்கச் சொல்வார்.

"என்னைய வெளிச்சத்துல ஒக்கார வச்சுக் காட்டுறான் பாரு, காட்டுப் பன்னிக்கு வச்ச பொம்ம மாதிரி" என்று மாஸ்டர் என்னிடம் பொருமுவார். "உள்ளயும் நான் இல்ல, இருட்டுல ஒக்காந்து நிம்மதியாப் பார்க்கவும் விட மாட்டேங்குறான். திமிரு."

மேடையிலிருந்து எனக்கு அந்த நாற்காலி நன்றாகத் தெரியும். அதில் இருக்கிறவர் சும்மா இருக்க மாட்டார். ராஜா பேசினால் ராஜாவோடு அவர் உதடு அசையும். நான் அழுதால் அவர் தொண்டை ஏறி இறங்கும். முழு நாடகமும் அந்த முகத்தில் இன்னொரு தடவை நடக்கும். மறந்துபோன அடியை அந்த உதட்டைப் பார்த்தே நான் பிடித்திருக்கிறேன்.

நாடகத்தில் ஓர் இடம் உண்டு. தன் மகன் என்று தெரியாமல் ஒரு வாலிபனுக்கு ராஜா மரணதண்டனை கொடுக்கிற இடம். ராணி முழங்காலில் விழுந்து கெஞ்சுவாள். ராஜா கடைசியில் "வெட்டுங்கள்" என்பான். நான் மேடையின் ஓரத்தில் அப்படியே சாய்வேன். பழகும்போது மாஸ்டர் சொன்ன முறை, சொல் முடிந்ததும் திரை. ஆனால் திருவிழா அன்று லியனார்ட் அண்ணன் ஊத மாட்டார். நான் கிடப்பேன். ராஜா நிற்பான். கீழே ஆற்றுச் சத்தம் கேட்கும். எங்கோ ஒரு பெண் விம்முவாள், அவளைத் தொட்டு இன்னொருத்தி. அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு ஊதல். ஒரு மூச்சு முந்தினால் அழுகை வந்திருக்காது, ஒரு மூச்சு பிந்தினால் எவனாவது இருமியிருப்பான். அவ்வளவு கச்சிதம்.

வருஷா வருஷம் சனம் பேசியது அந்த இடத்தைத்தான். ஒரு முறை நாடகம் முடிந்து, மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா மேடையேறி மாஸ்டருக்கு மாலை போட்டார். போட்டுக்கொண்டே, "நாடகம் கெடக்கட்டும் மாஸ்டர், ஒங்க மச்சான் திரை போடுற அழகுக்கே வரலாம்" என்றார். மாஸ்டர் மாலையோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை மிக அருகில் நின்று பார்த்தவன் நான். எனக்கே பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. பசங்க "லியனார்ட் அண்ணே இருந்தா பயமில்ல" என்று பேசிக்கொண்டால் காதைப் பொத்திக்கொள்வார். அண்ணனுக்கு முதலில் தேத்தண்ணீர் நீட்டினால் தனக்கு வேண்டாம் என்பார். தங்கச்சி வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்தார். இசபெல் அக்கா ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, விசில்தான வேணும்? தூக்கிட்டுப் போங்க. எனக்கு அண்ணன் வேணும்" என்று அழுதாள். "எனக்கு எதுக்கும்மா விசிலு? நான் என்ன ரயிலா ஓட்டுறேன்?" என்றார் இவர்.

சொன்னவர் அடுத்த சம்பளத்துக்கு ஹட்டன் போய் ஒரு விசில் வாங்கி வந்தார். கோட்டுப் பையிலிருந்து அது எட்டிப் பார்த்தபோது, நாய்க்கு என்றார். அவர் மனைவி அந்தோனியம்மா அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நாயே இல்லாத வீட்டுல நாய்க்கு விசிலு. ஒங்களுக்குப் பொறாம முத்திப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களுக்கு மத்தியிலேயே உடைத்துவிட்டாள். அடுத்த வாரமே எங்கிருந்தோ ஒரு சொறிநாயைக் கூட்டிவந்து கட்டிப் போட்டார் மாஸ்டர். அது விசில் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிந்துகொண்டது.

அறுபத்தொன்றாம் ஆண்டுத் திருவிழா வந்தது. பழகும்போதே மாஸ்டர் லியனார்ட் அண்ணனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இந்த வருஷம் அந்த எடத்துல ஒன் வித்தையெல்லாம் வேணாம், மாப்ள. 'வெட்டுங்கள்'னு சொன்னா திரை விழணும். பழக்குனவன் நான் சொல்றேன்."

"சரி, மச்சான்" என்றார் அண்ணன்.

அன்று நாடகம் நன்றாகவே போனது. குளிர் கடுமையாக இருந்தும் சனம் எழும்பவில்லை. அந்த இடம் வந்தது. ராஜா "வெட்டுங்கள்" என்றான். நான் சாய்ந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஊதல் இல்லை.

தரையில் கிடந்தபடி நாற்காலியைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மாஸ்டர் கோபமாக இல்லை. தான் போட்ட கட்டளையையே மறந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, மூச்சுப் பிடித்து, கண் கலங்கி, இந்த நாடகத்தை முதல் முறை பார்க்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்குப் பின்னால் ஒரு பெண் விம்மினாள். அந்தச் சத்தம் அவரை உலுக்கிவிட்டது. அந்த விம்மல் யாருக்குப் போகும், நாளைக்குக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் யார் பெயரைச் சொல்வார்கள் என்று அவர் நினைத்ததை நான் அவர் முகத்திலேயே படித்தேன். கை பைக்குள் போனது.

இரண்டு ஊதல். ஊதியது உள்ளிருந்து அல்ல, முன்வரிசையிலிருந்து.

கயிறு பிடித்திருந்த மூக்கனுக்கு எந்த விசில் என்று என்ன தெரியும்? விட்டுவிட்டான். நான் கிடந்தது மேடையின் ஓரத்தில்; வழக்கமாக விம்மல் கேட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறவன், அன்று நாற்காலியைப் பார்த்தபடி மறந்துவிட்டேன். மூங்கில் நேராக என் மண்டையில் இறங்கியது. உடம்பு திரைக்கு உள்ளே, தலை திரைக்கு வெளியே. சவுரி முடி பிய்த்துக்கொண்டு போய் முன்வரிசையில் விழுந்தது. ஒட்ட வெட்டிய என் தலையைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த சனம் குபீரென்று சிரித்தது. "ஐயோ, எம் புருஷன்!" என்று வீரம்மா கத்தியதும் சிரிப்பு இன்னும் கூடிப்போனது.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, விளக்கு வெளிச்சத்தில், வாயில் விசிலோடு உட்கார்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. அவர் அதை வாயிலிருந்து எடுக்கக்கூட மறந்திருந்தார்.

லியனார்ட் அண்ணன் மேடைக்குப் பக்கவாட்டில் இறங்கி வந்தார். தன் கழுத்திலிருந்த பித்தளை விசிலைக் கழற்றி மாஸ்டர் கழுத்தில் மாட்டினார். "ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க, மச்சான்" என்றார். சத்தம் போடவில்லை. போய் சனத்துக்குப் பின்னால், கோயில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

இன்னும் ஒரு காட்சி மிச்சம். வெட்டச் சொன்னது தன் பிள்ளையைத்தான் என்று தெரிந்து ராஜாவின் கையிலிருந்து செங்கோல் நழுவுகிற காட்சி. திருவிழா நாடகத்தைப் பாதியில் விடுவது மாதாவுக்கு ஆகாது. மாஸ்டர் எழுந்து, அத்தனை வருஷமாகக் கால் வைக்காத இடத்துக்கு, திரைக்குப் பின்னால் வந்தார்.

நான் தலையைத் தடவிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். திட்டலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அந்த ஆளைப் பார்த்ததும் வரவில்லை. "எங்க நின்னு பார்ப்பான்?" என்றார். மூக்கன் மூலையைக் காட்டினான். கயிறுகள் கட்டிய கம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க மட்டும் இடம். மாஸ்டர் அங்கே நின்று மேடையைப் பார்த்தார். அரண்மனைத் தூண் என்று நாங்கள் நிறுத்திய பலகைதான் தெரிந்தது. அதற்கு அப்பால் ராஜாவின் முதுகில் ஒரு பாதி.

"இங்கருந்து நாடகமே தெரியலையேடா. அப்ப எதைப் பாத்துடா ஊதுவான்?"

மூக்கன் திரைக்குப் பக்கத்தில், மூலையை மறைக்க முன்பக்கம் கட்டியிருந்த சாக்கைக் காட்டினான். கண் மட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதைச் சுற்றி நெற்றி எண்ணெய் பட்டுப் பட்டுச் சாக்கு கறுத்திருந்தது. மாஸ்டர் குனிந்து கண்ணை வைத்தார்.

ஓட்டைக்கு நேர் எதிரே, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், அவருடைய நாற்காலி. காலியாக இருந்தது. அந்த ஓட்டை வழியாக வேறொன்றும் தெரியாது.

"ஒங்க மொகத்தத்தான் பார்ப்பாரு, மாஸ்டர்" என்றான் மூக்கன். "நீங்க மூச்சு விட்டா ஊதுவாரு."

மாஸ்டர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரே கொண்டாடிய அந்த நிறுத்தம் அவருடைய நிறுத்தம். தன் மூச்சைப் பார்த்துத் தானே வயிறெரிந்து கிடந்திருக்கிறார். அதைத் தானே ஊதிக் கெடுத்தும் விட்டார்.

சனம் சலசலக்க ஆரம்பித்தது. மாஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். முதல் வருஷம் சிரிப்பு வாங்கிய அதே இடம். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"மாப்ள" என்று கூப்பிட்டார். "நாற்காலி காலியா இருக்கு. நீ வந்து ஒக்காந்தாத்தான் நான் ஊத முடியும்."

இசபெல் அக்கா எழுந்துபோய்த் தன் புருஷனின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். லியனார்ட் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஊதல். திரை ஏறியது.

அந்தக் கடைசிக் காட்சி நாங்கள் ஆடியதிலேயே மோசமானது. தலை வலியில் நான் இரண்டு அடியை விழுங்கினேன். செங்கோல் விழுந்தது, நான் ராஜாவின் காலில் விழுந்தேன், எல்லாம் முடிந்தது, ஊதல் வரவில்லை. ராஜா என்னைப் பார்க்கிறான், நான் ராஜாவைப் பார்க்கிறேன். ஓரக்கண்ணால் மூலையைப் பார்த்தேன். மாஸ்டர் விசிலைக் கையில் பிடித்தபடி ஓட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார். வெளியே நாற்காலியில் லியனார்ட் அண்ணன் கன்னத்தில் தண்ணீர் வழிய மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வருஷமும் ஓட்டைக்குப் பின்னால் நின்றவர், அன்றைக்குத்தான் மகேந்திர ராஜாவை மேடையில் பார்க்கிறார்.

"எந் நாடகத்தப் பாக்குறான்டா" என்றார் மாஸ்டர், யாரிடம் என்றில்லாமல். பொறுத்துப் பார்த்த மூக்கன் தானாகவே கயிற்றை விட்டான்.

சாமான்களை ஒதுக்கி வைக்கும்போது மாஸ்டர் அண்ணனிடம் போனார். ஹட்டனில் வாங்கிய விசிலை அவர் அப்போதே ஓடைப் பக்கம் எறிந்திருந்தார்.

"வெட்டுங்கள்னா திரைய விடுன்னு சொன்னேனே. ஏன் விடல?"

"வாய் ஒண்ணு சொல்லுச்சு, மொகம் ஒண்ணு சொல்லுச்சு. நான் மொகத்தக் கேட்டேன்."

"இத்தன வருஷமா என் மொகத்தப் பாத்தா ஊதுன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்பிடி வெந்து சாவேனா, மாப்ள?"

லியனார்ட் அண்ணன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா அந்த மொகம் கெட்டுப்போயிருக்கும், மச்சான். நீங்களும் நடிக்க ஆரம்பிச்சிருப்பீங்க."

கேட்டு எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். தங்கச்சி வீட்டுக்கு மறுபடியும் போக ஆரம்பித்தார். பொறாமை போன இடம் தெரியவில்லை என்று அந்தோனியம்மா அக்கா மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

ஆனால் அண்ணன் சொன்னதுதான் நடந்தது.

அடுத்த வருஷம் மாஸ்டர் புதுத் தலைத்துண்டு கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி புள்ளியில் இருக்கிறதா என்று தானே குனிந்து பார்த்தார். விளக்குக்குக் காற்று அடிக்கச் சொன்னார். நாடகம் தொடங்கியதும் அவரும் தொடங்கிவிட்டார். புருவத்தைத் தூக்குகிறார். நெஞ்சில் கை வைக்கிறார். நான் முழங்காலில் விழுவதற்கு முன்பே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துண்டை எடுத்து, ஓட்டைக்குத் தெரிகிற மாதிரித் துடைக்கிறார். எனக்கு மேடையில் நின்றுகொண்டே பாவமாக இருந்தது. திரை இன்றைக்குக் கண்ட நேரத்தில் விழப்போகிறது என்று தலையில் கை வைக்காத குறையாகச் சாய்ந்து கிடந்தேன்.

விழவில்லை. ஆற்றுச் சத்தம் கேட்டது. விம்மல் கேட்டது. பழைய கச்சிதத்தில் இரண்டு ஊதல். நாற்காலியில் மாஸ்டர் பெருமையாக மூச்சு விட்டார்.

இது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வேஷத்துக்குக் காத்திருக்கிற சாக்கில் மூலைக்குப் போனேன். பழைய ஓட்டை தைக்கப்பட்டிருந்தது. இரண்டு முழம் தள்ளிப் புதிதாக ஒன்று. கண்ணை வைத்தேன். நாற்காலி தெரியவில்லை. பெண்கள் பாய் தெரிந்தது. அந்தப் பக்கம் இருட்டாக இருக்கிறது என்று அண்ணன் அந்த வருஷம் இன்னொரு விளக்குக் கட்டியிருந்தார். வெளிச்சத்துக்கு நடுவில், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, வீங்கிய கண்ணோடு, ஒருத்தி மட்டும் தெரிந்தாள். வீரம்மா.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மாஸ்டரைப் பொறாமைக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் இது. மீசையில்லாத என்னை ஏறெடுத்துப் பார்க்காதவள், நான் மேடையில் விழுந்தால் இப்படி அழுகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை இன்னொருத்தன் ஓட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அண்ணே, அது எம் பொண்டாட்டி" என்றேன்.

"தெரியும்" என்றார் லியனார்ட் அண்ணன். "அவ அழுகையில பொய் இல்ல. பிடிக்கலைன்னா அவகிட்டச் சொல்லிடு, சின்னராசா. அடுத்த வருஷம் அவளும் துண்டோட வருவா."

வேஷம் கலைத்துவிட்டு எல்லோரும் லயத்துக்கு ஏறினோம். முன்னால் மாஸ்டர் லியனார்ட் அண்ணனின் தோளில் கை போட்டுக்கொண்டு, "இன்னைக்கு என் மொகம் எப்பிடி இருந்துச்சு, மாப்ள?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

"எடுப்பா இருந்துச்சு, மச்சான்."

அறுபத்தைந்தாம் ஆண்டில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேரும் வரைக்கும் மாஸ்டர் ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நடித்தார். அவரைப் பார்க்க அந்தப் பக்கம் ஓட்டையே இல்லை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். தன் நாடகம் தன்னிடம்தான் இருக்கிறது என்று எண்ணி நிம்மதியாகப் போனார். அது அவர் கையை விட்டுப் போய் அப்போது நான்கு வருஷமாகியிருந்தது.

அன்றைக்கு லயத்துக்கு ஏறும்போது நான் வீரம்மாவிடம், "அழுதியா?" என்று கேட்டேன்.

"யாரு அழுதா? வெளக்குப் பொக கண்ணுல பட்டுச்சு" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏன், ஒங்க மொகம் ஏன் இப்பிடி இருக்கு?"

அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முன்னால் போகிற மாஸ்டரின் புதுத் தலைத்துண்டைப் பார்த்தேன்.

"மீச இல்லல்ல" என்றேன். "அதான்."